காகிதம் சுற்றிய குண்டுக்கு மசகு: நீலகிரிக் காற்றுக்கு ஏற்ற முழு வழிகாட்டி

கோத்தகிரியில் ஜனவரி மாதக் காலை. புல்லெல்லாம் உறைபனி. முதல் ஐந்து குண்டுகளும் ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்தன. ஆறாவது குண்டைத் திணிக்கும்போது கோல் குழலின் முக்கால் பங்கில் நின்றுவிட்டது. மேலே இழுத்துப் பார்த்தால் சுற்றிய காகிதம் கிழிந்து நார் நாராக வந்தது. அன்று நான் பயன்படுத்திய மசகு மெழுகுவத்தியையும் வாசலினையும் சேர்த்து உருக்கியது. வழுவழுப்பாகத்தான் இருந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தபோது இதைவிட நல்ல மசகு இருக்க முடியாது என்று நினைத்தேன்.

கருமருந்துத் துப்பாக்கியில் மசகின் முதல் வேலை வழுக்குவது இல்லை, மருந்து எரிந்தபின் குழலில் படியும் கரியை ஈரமாகவும் மென்மையாகவும் வைத்திருப்பதுதான். இது எனக்குப் புரிய அப்புறம் இரண்டு ஆண்டுகள் ஆயின. புரிந்த பிறகு, எதைச் சேர்ப்பது, எவ்வளவு சேர்ப்பது, எந்த மாதத்தில் மாற்றுவது என்ற கேள்விகளுக்கெல்லாம் அதிலிருந்தே பதில் கிடைத்துவிட்டது.

தொடங்குமுன் ஒரு வார்த்தை. இங்கே சொல்வதெல்லாம் உரிமம் பெற்ற, முன்வாய் வழியாக மருந்திடும், உட்புறம் சுருள் வரிகள் வெட்டிய வரிக்குழல் ரைஃபிளை அனுமதி பெற்ற சுடுதளத்தில் அட்டைக் குறி நோக்கிச் சுடுவதற்கு மட்டும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கிக்கு மட்டுமல்ல, மருந்துக்கும் குண்டுக்கும் பொருந்தும். காட்டுப் பக்கம் இதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை, அதில் எனக்கு முழுச் சம்மதம்.

கரி எங்கிருந்து வருகிறது

கருமருந்து என்பது நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு மரக்கரி, 10 பங்கு கந்தகம். எரிந்ததும் எல்லாம் புகையாகப் போய்விடுவதில்லை. 1875இல் நோபிள், ஏபெல் என்ற இருவர் மூடிய கலத்தில் மருந்தை வெடிக்க வைத்து அளந்தார்கள். எடையில் பாதிக்கும் மேல் திடப்பொருளாகவே மிஞ்சியது. அதில் பெரும்பகுதி பொட்டாசியம் உப்புகள். உப்பு என்பதால் காற்றில் ஈரம் இருந்தால் உறிஞ்சி இளகும், காற்று வறண்டிருந்தால் காய்ந்து ஓடு போல் இறுகும்.

நம் மலைக்கு இது மிக முக்கியம். ஜூன், ஜூலை மாதங்களில் ஊட்டியில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து போகும். அப்போது கரி தானாகவே குழகுழவென்று இருக்கும், சுமாரான மசகே போதும். ஜனவரி முதல் மார்ச் வரை காற்று உதட்டை வெடிக்க வைக்கும் அளவுக்கு வறண்டிருக்கும். அப்போதுதான் மசகுக்கு உண்மையான சோதனை. என் ஆறாவது குண்டு ஜூலையில் ஒருவேளை ஒழுங்காக இறங்கியிருக்கும்.

மெழுகுவத்தியும் வாசலினும் பெட்ரோலியத்திலிருந்து வருபவை. கருமருந்தின் சூட்டில் அவை கரியோடு சேர்ந்து தார் போலப் பிடித்துக்கொள்கின்றன. தண்ணீர்த் துணியால் துடைத்தாலும் போகாது. தேன்மெழுகு, விலங்குக் கொழுப்பு, தாவர எண்ணெய் மூன்றும் அப்படிச் செய்வதில்லை. எனவே என் பட்டறையில் பெட்ரோலியச் சரக்கு எதுவும் மசகுக் கிண்ணத்தின் பக்கம் வருவதில்லை.

இன்னொரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அருவங்காட்டில் 1904 முதல் கார்டைட் தொழிற்சாலை இருக்கிறது. கார்டைட் புகையில்லா மருந்து வகை. அந்த வகை மருந்து எதையும், ஒரு சிட்டிகைகூட, கருமருந்துக்காகச் செய்த குழலில் போடக் கூடாது. குழல் வெடித்துவிடும்.

பழைய கதை ஒன்று, காரணத்தோடு

இந்த நாட்டில் குண்டுக்குத் தடவும் கொழுப்பைப் பற்றிப் பேசினால் 1857 நினைவுக்கு வராமல் போகாது. என்ஃபீல்டு ரைஃபிளின் தோட்டாவில் குண்டைச் சுற்றிய காகிதத்தின்மேல் கொழுப்புத் தடவியிருந்தது, அதைப் பல்லால் கடித்துத் திறக்க வேண்டும். பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்ற பேச்சு கல்கத்தா அருகே டம்டமில் கிளம்பியது. 1857 ஜனவரியிலேயே, சிப்பாய்கள் தாங்களே மெழுகும் எண்ணெயும் கலந்து தடவிக்கொள்ளலாம் என்று அரசு சொன்னது. அதற்குள் நம்பிக்கை போய்விட்டிருந்தது.

தொழில்முறையில் பார்த்தால் மெழுகும் எண்ணெயும் சேர்ந்த கலவை ஒன்றும் குறைந்ததல்ல. கொழுப்பைத் தொட விரும்பாதவர்கள் இன்றும் அதை வைத்தே நன்றாகச் சுடலாம். அதற்கான அளவையும் கீழே தருகிறேன்.

1871இல் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்ட மார்ட்டினி ஹென்றி ரைஃபிளும் காகிதம் சுற்றிய குண்டைத்தான் பயன்படுத்தியது. அதன் தோட்டாவுக்குள் குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே அட்டை வில்லைகளுக்கு இடையில் ஒரு தேன்மெழுகு வில்லை உட்கார்ந்திருந்தது. காகிதத்தின்மேல் அப்பாமல் குண்டுக்குப் பின்னால் வைப்பது என்ற அந்த யோசனையைத்தான் நானும் பின்பற்றுகிறேன்.

குண்டும் காகிதமும், சுருக்கமாக

மசகுதான் விஷயம் என்பதால் இதை வேகமாகச் சொல்கிறேன். என் குழலின் உள்விட்டம் 11.43 மி.மீ. குண்டு 11.23 மி.மீ., பக்கங்கள் வழவழப்பானவை, மசகு பிடிக்கும் பள்ளங்கள் கிடையாது. காகிதத்தின் கனம் 0.05 மி.மீ. இரண்டு சுற்று சுற்றினால் விட்டத்தில் நான்கு தாள் கனம், அதாவது 0.20 மி.மீ. கூடும். குண்டு குழலுக்குச் சரியாக வந்துவிடும். பருத்தி நார் கலந்த மெல்லிய தாள் தேவை. பழைய விமான அஞ்சல் தாளைப் போல இருக்க வேண்டும். மைக்ரோமீட்டரால் அளந்து பார்க்காமல் எந்தத் தாளையும் நம்ப வேண்டாம்.

இணைகரமாக வெட்டிய துண்டின் நீளம் ஏறக்குறைய 70 மி.மீ. நனைத்தால் கொஞ்சம் நீளும். முனைகள் ஒன்றையொன்று தொட வேண்டும், ஒன்றின்மேல் ஒன்று ஏறக் கூடாது. அடியில் 6 மி.மீ. விட்டு மடித்துக்கொள்ளுங்கள். காய்ந்ததும் தாள் சுருங்கிக் குண்டை இறுக்கிப் பிடிக்கும். மென்மையான ஈயக் குண்டு சுட்டவுடன் பின்னாலிருந்து வரும் அழுத்தத்தில் உப்பி வரிகளைப் பிடித்துக்கொள்ளும். தாள் குழல் வாயைத் தாண்டியதும் கிழிந்து உதிர்ந்துவிட வேண்டும். உதிராத தாள் குண்டைத் தன் போக்கில் இழுத்துக்கொண்டு போகும்.

காய்வதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். மழைக்காலத்தில் ஊட்டியில் சுற்றிய குண்டு மூன்று நாளானாலும் உள்ளே ஈரமாகவே இருக்கும். நான் அவற்றை ஒரு டப்பாவில் வறுத்து ஆறவைத்த அரிசியின்மேல் வைத்து மூடிவிடுகிறேன். ஈரத்தாளில் மசகு ஊறாது, தாளுக்கு வலுவும் இருக்காது.

மெழுகு

தேன்மெழுகுக்கு நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. குறும்பர்களும் இருளர்களும் பாறையிலிருந்து எடுக்கும் மலைத்தேனீ அடை, வீட்டுப் பெட்டிகளில் வளர்க்கும் அடுக்குத்தேனீயின் அடை இரண்டும் உதவும். கோத்தகிரியில் கீஸ்டோன் அமைப்பு தேன் எடுப்பவர்களோடு பல ஆண்டுகளாக வேலை செய்கிறது, அந்தப் பக்கம் விசாரித்தால் சுத்தமான மெழுகு கிடைக்க வழி தெரியும். கடையில் வெள்ளை வெளேரென்று மலிவாக விற்பது பெரும்பாலும் பாரஃபின் கலந்தது. நல்ல மெழுகு மஞ்சளாக இருக்கும், கையில் பிசைந்தால் தேன் மணம் வரும், மென்றால் பல்லில் ஒட்டாது.

அடையாக வாங்கினால் இப்படிச் சுத்தம் செய்யுங்கள். முதலில் வெந்நீரில் அலசித் தேனை முழுவதும் போக்குங்கள். தேன் மிச்சமிருந்தால் சூட்டில் சர்க்கரை கருகி, கரியோடு கரியாகச் சேரும். அப்புறம் அடையைப் பழைய பருத்தித் துணியில் மூட்டையாகக் கட்டி, எவர்சில்வர் பாத்திரத்தில் மழைநீர் ஊற்றி மெல்லிய சூட்டில் வையுங்கள். இரும்புச் சட்டி வேண்டாம், மெழுகு கறுத்துவிடும். மூட்டையைக் கரண்டியால் அழுத்தினால் மெழுகு மேலே மிதந்து வரும். பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி இரவு முழுவதும் மெதுவாக ஆறவிடுங்கள். மெதுவாக ஆறினால்தான் அழுக்கு அடியில் படியும். காலையில் மெழுகு ஒரு தட்டாகக் கையோடு வரும். அடிப்பக்கத்துப் பழுப்பைச் சுரண்டிவிடுங்கள்.

கொழுப்பு

ஆட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் வெள்ளைக் கொழுப்புதான் சிறந்தது. மற்ற இடத்துக் கொழுப்பைவிட இறுக்கமானது. கறிக்கடையில் முதல் நாளே சொல்லி வைத்தால் எடுத்து வைப்பார்கள். அதைப் பொடியாக நறுக்கி, மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு, சிறு தீயில் இரண்டு மணி நேரம் வையுங்கள். வடிகட்டி ஆறவைத்தால் மேலே வெள்ளைத் தட்டாக உறையும். அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புக் கூழைச் சுரண்டிவிட்டு, புதுத் தண்ணீரில் இன்னொரு முறை இதையே செய்யுங்கள். கடைசியாகத் தண்ணீர் இல்லாமல் மெதுவாகச் சூடாக்க வேண்டும். முதலில் சிடுசிடுவென்று சத்தம் வரும். அது அடங்கினால் ஈரம் போய்விட்டது என்று பொருள். ஈரம் தங்கினால் கொழுப்பு ஊசிப்போகும், குழலும் துருப்பிடிக்கும். உப்புப் போட்ட கொழுப்பு எதையும் எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள்.

எண்ணெய்

விளக்கெண்ணெய். வேறு யோசனையே வேண்டாம் என்பேன். அது கெட்டியானது, காற்றில் காய்ந்து பிசினாகாது, குளிரில் உறையாது. தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். ஊட்டி வீடுகளில் டிசம்பரில் தேங்காயெண்ணெய்ப் பாட்டிலை அடுப்பருகில் வைத்துத்தானே இளக்குகிறோம்? அந்த எண்ணெயை மசகில் சேர்த்தால் காலையில் ஒரு பதம், மதியம் ஒரு பதம். ஆளி விதை எண்ணெய் காய்ந்து அரக்காகிவிடும். நீலகிரித் தைலத்தைச் சேர்த்தால் மணமாக இருக்கும், ஆனால் ஆவியாகிப் போய்விடும். தைலத்தை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேசையிலும் வெட்டும் கருவியிலும் ஒட்டிய மெழுகைத் துடைக்க அதைவிட நல்லது இல்லை.

அளவும் உருக்குதலும்

நூறு கிராம் கலவைக்கு நான் தொடங்கும் அளவு: தேன்மெழுகு 50, ஆட்டுக் கொழுப்பு 40, விளக்கெண்ணெய் 10. ஆண்டின் பெரும்பகுதிக்கு இது போதும். ஜனவரி முதல் மார்ச் வரை மெழுகு 40, கொழுப்பு 40, எண்ணெய் 20. மேட்டுப்பாளையம், கோவை பக்கம் இறங்கிச் சுடப் போனால் மெழுகு 65, கொழுப்பு 30, எண்ணெய் 5. இல்லாவிட்டால் டப்பாவைத் திறக்கும்போது குழம்புதான் இருக்கும். கொழுப்பே வேண்டாம் என்பவர்கள் மெழுகு 60, விளக்கெண்ணெய் 40 என்று தொடங்கலாம். எல்லாமே தொடக்க அளவுகள்தான். உங்கள் குழல் சொல்வதைக் கேட்டுக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நேரடித் தீயில் உருக்க வேண்டாம். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதற்குள் ஒரு எவர்சில்வர் சொம்பை நிறுத்தி உருக்குங்கள். தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரிக்குள் உருகும். கோத்தகிரி உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், எனவே மெழுகு கருகும் பயமே இல்லை. கொஞ்சம் நேரம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான். முதலில் மெழுகு, அது முழுவதும் உருகியபின் கொழுப்பு, கடைசியில் எண்ணெய். உருக்கும் அறையில் கருமருந்து இருக்கவே கூடாது. வேறு அறையில்கூட மூடிப் பூட்டியிருக்க வேண்டும்.

எல்லாம் கலந்ததும் சொம்பை வெளியே எடுத்து, கலவை மங்கலாகும் வரை கிளறிக்கொண்டே இருங்கள். அப்படியே விட்டால் ஆறும்போது எண்ணெய் ஒரு பக்கம், மெழுகு ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும். என் தொடக்க கால வில்லைகள் பாதி கல்லாகவும் பாதி களிம்பாகவும் இருந்ததற்கு இந்தக் கிளறாத அவசரம்தான் காரணம்.

வில்லை செய்தல்

20 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம் உள்ள தட்டில் 3 மி.மீ. கனத்துக்கு ஊற்றினால் ஏறக்குறைய 85 கிராம் பிடிக்கும். தட்டு சமமான மேசையில் இருக்க வேண்டும். இறுகியதும், முழுவதும் கெட்டியாகும் முன், தோல் வேலைக்காரர்கள் வைத்திருக்கும் வட்டத் துளையுளியால் குழல் விட்டத்துக்கு வெட்டுங்கள். ஒரு தட்டில் இருநூறு வில்லைக்குக் குறையாமல் கிடைக்கும். மிச்சத் துண்டுகளை மறுபடி உருக்கிக்கொள்ளலாம்.

இப்போது பதம் பார்க்க வேண்டும். ஒரு வில்லையை இரவு முழுவதும் வெளியே பனியில் வையுங்கள். விடிந்ததும் இரண்டு விரலால் வளைத்துப் பாருங்கள். வளைந்தால் சரி. பிஸ்கட் போல உடைந்தால் எண்ணெய் போதவில்லை. இன்னொன்றைச் சட்டைப் பையில் ஒரு தாளில் மடித்து அரை நாள் வைத்திருங்கள். தாளில் எண்ணெய்த் தடம் தெரியலாம். வில்லை உருக்குலைந்திருந்தால் மெழுகைக் கூட்டுங்கள்.

நம் மலையிலேயே வளரும் நீலகிரி ஆட்டின் ரோமத்திலிருந்து செய்த கெட்டிக் கம்பளி கிடைத்தால், அதை வட்டமாக வெட்டி இதே கலவையில் முக்கி எடுத்தும் பயன்படுத்தலாம். வறண்ட நாளில் எனக்குக் கம்பளி வில்லையே அதிகம் பிடிக்கிறது. அது மசகைப் பிடித்துக்கொண்டு குழல் முழுவதும் தடவிக்கொண்டே போகும். செயற்கை நூல் கலந்த கம்பளி சூட்டில் உருகிக் குழலில் ஒட்டும். ஒரு நூலை எரித்துப் பாருங்கள். முடி கருகும் நாற்றம் வந்தால் ரோமம், பிளாஸ்டிக் போலச் சுருண்டு முண்டானால் வேண்டாம்.

காகிதத்தின்மேல் எவ்வளவு

மிகக் கொஞ்சம். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் மசகைத் தேய்த்து, அந்த விரல்களுக்கு நடுவே குண்டை ஒரு முறை உருட்டினால் போதும். தாள் இலேசாகக் கண்ணாடி போலத் தெரியும், வெள்ளைத் திட்டு எங்கும் நிற்காது. குண்டை மசகில் முக்கி எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் தாள் ஈயத்தோடு ஒட்டிக்கொள்ளும், வாயைத் தாண்டியும் உதிராது. மசகின் பெரும்பங்கு வில்லையில் இருக்கட்டும்.

திணிக்கும் வரிசை

அளவுக் குழாயில் அளந்த மருந்து முதலில். மருந்துக் குடுவையிலிருந்து நேராகக் குழலுக்குள் கொட்டவே கூடாது. உள்ளே ஒரு பொறி இருந்தால் குடுவையே கையில் வெடிக்கும். மருந்தின்மேல் ஓர் அட்டை வில்லை. இது இல்லாவிட்டால் மசகு மருந்தில் ஊறி அதைக் கெடுக்கும். அதன்மேல் மசகு வில்லை, அதன்மேல் இன்னொரு அட்டை. இந்த இரண்டாவது அட்டையை விட்டுவிட்டால் மசகு குண்டின் அடியில் ஒட்டிக்கொண்டு கூடவே பறக்கும், குறி சிதறும். கடைசியாகக் குண்டு.

குண்டு கட்டைவிரல் அழுத்தத்தில் நுழைந்து, கோலின் மெல்லிய தள்ளலில் இறங்க வேண்டும். தானாகவே வழுக்கி விழுந்தால் தாள் மெலிது. துப்பாக்கியின் வாயைத் தாழ்த்தும்போது அது முன்னே நகர்ந்துவிடக்கூடும். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்த குழல் ஆபத்தானது. கோலில் ஒரு கோடு போட்டு வைத்து, ஒவ்வொரு முறையும் அதே கோட்டுக்கு வருகிறதா என்று பாருங்கள். திணிக்கும்போது முகம் குழல் வாய்க்கு மேலே இருக்கக் கூடாது. மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான கேப்பு எப்போதும் கடைசியில், சுடும் கோட்டில் நின்ற பிறகு.

ஒரு குண்டு சுட்டதும் ஈரத்துணி ஒரு முறை, காய்ந்த துணி ஒரு முறை. காகிதம் சுற்றிய குண்டுக்கு இது கட்டாயம். துடைக்கத்தான் போகிறோம் என்றால் மசகு எதற்கு என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. நல்ல மசகு இருந்தால் ஒரே இழுப்பில் கரி மொத்தமும் துணியோடு வரும். இல்லாவிட்டால் நாலு துணி போட்டாலும் மருந்து எரியும் இடத்துக்கு மேலே ஒரு வளையம் இறுகி நிற்கும். அடுத்த தாள் கிழிவது அந்த இடத்தில்தான். அப்புறம், அந்த ஈரத்துணி உள்ளே புகைந்துகொண்டிருக்கும் பொறியையும் அணைத்துவிடும்.

குழல் வாயும் உதிர்ந்த தாளும்

மசகு போதுமா என்று கேட்க வேண்டிய இடம் குழல் வாய். சுட்டபின் வாயின் விளிம்பில் சாம்பல் நிறத்தில் பிசுபிசுப்பான ஒரு வளையம், நட்சத்திரம் போலக் கதிர் விட்டுத் தெரிய வேண்டும். அது தெரிந்தால் மசகு கடைசி அங்குலம் வரை வந்திருக்கிறது. காய்ந்த கறுப்புப் பொடி இருந்தால் பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது. வில்லையின் கனத்தை 4 மி.மீ. ஆக்குங்கள், இல்லையென்றால் எண்ணெயைக் கூட்டுங்கள். வாயிலிருந்து மசகு வழிந்து தெறித்திருந்தால் அதிகம்.

சுடுதளம் அனுமதித்து, எல்லோரும் துப்பாக்கியை இறக்கி வைத்த பிறகு, முன்னால் பத்தடி நடந்து தாள் துண்டுகளைப் பொறுக்குங்கள். எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த பகுதி இது. வரிகளின் அடையாளத்தோடு நீள நீளமான பட்டைகளாகக் கிடந்தால் எல்லாம் சரியாக நடந்திருக்கிறது. ஓரம் கருகி ஓட்டை விழுந்திருந்தால் சூடான வாயு குண்டைத் தாண்டிப் போயிருக்கிறது, மசகைவிடக் குண்டு, தாள் அளவில்தான் கோளாறு. ஒரு துண்டும் கிடைக்காமல் குறியும் சிதறியிருந்தால் தாள் குண்டோடு போய்விட்டது, விரலில் எடுக்கும் மசகைக் குறையுங்கள்.

ஒரு நோட்டில் தேதி, காலை மணி, காற்று வறட்சியா ஈரமா, கலவையின் அளவு, எத்தனையாவது குண்டில் கோல் கனத்தது என்று எழுதி வாருங்கள். ஓர் ஆண்டு எழுதினால் உங்கள் ஊருக்கான கலவை அதற்குள்ளேயே இருக்கும். குன்னூருக்குச் சரியாக வந்தது ஊட்டிக்கு அப்படியே வராது.

வைத்திருப்பதும் கழுவுவதும்

வில்லைகளைத் தகர டப்பாவில் தாள் இட்டு அடுக்கி, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். கொழுப்பு கலந்ததை எலி விடாது, எறும்பும் விடாது, எனவே மூடி இறுக்கமாக இருக்கட்டும். மழைக்காலத்தில் பூஞ்சை பூத்தால் அல்லது ஊசிய வாடை வந்தால் தூக்கிப் போடுங்கள். கெட்ட கொழுப்பில் இருக்கும் அமிலம் குழலைத் தின்னும். மெழுகும் விளக்கெண்ணெயும் மட்டும் கலந்தது நெடுநாள் தாங்கும்.

சுட்ட அன்றே குழலைக் கழுவ வேண்டும், நாளைக்கு என்று தள்ளினால் இந்த ஈரக்காற்றில் ஒரே இரவில் துரு பூக்கும். கரி உப்பு என்பதால் வெந்நீரே போதும். தண்ணீர் தெளிவாக வரும் வரை ஊற்றி, சூட்டோடு துடைத்து, உலர்ந்ததும் எண்ணெய் பூசுங்கள். அடுத்த முறை சுடப் போகுமுன் அந்த எண்ணெயைச் சாராயத்துணியால் முழுவதும் துடைத்து, சாராயம் உலர்ந்ததைப் பார்த்த பிறகே முதல் மருந்தை அளந்து போடுங்கள்.